மேலே போகும் வழியையும் கொஞ்சம் பாருங்கள்

கல்லூரிகளில் ப்ராக்ஸி சர்வரைக் கட்டி மேய்க்கும் நண்பர்களுக்கு,



'சார், நெட் ஸ்லோ' என்று போன் வந்தால் நாம் முதலில் திறந்து பார்ப்பது டவுன்லோடு கிராஃபைத்தான். அது பெரும்பாலும் கால்வாசிகூட நிரம்பியிருக்காது. 'லைன் நல்லாத்தான் இருக்கு, பிரவுசரை மூடித் திறந்து பாருங்க' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அந்த நேரத்தில் அதே லைனின் வெளியே போகும் பக்கம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். ஐ.க்யூ.ஏ.சி. அறையில் நாக் குழுவுக்கான ஆவணங்களை வரிசையாக ஏற்றிக்கொண்டிருப்பார்கள். விஸ்காம் மாணவர் ஒருவர் தன் குறும்படத்தை டிரைவில் போட்டுக்கொண்டிருப்பார். மூணாறுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போன பஸ் அப்போதுதான் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றிருக்கும். இறங்கியவர்களின் போன்கள் வைஃபையைப் பிடித்த கையோடு போட்டோக்களை மேலே அனுப்பத் தொடங்கியிருக்கும். (இண்டஸ்ட்ரியல் விசிட்டில் இண்டஸ்ட்ரி எவ்வளவு, மூணாறு எவ்வளவு என்பதை இங்கே பேச வேண்டாம்.)

இதற்கு நம்மில் பலர் வைத்திருக்கும் மருந்து, பூட்டு. கோப்பு ஏற்றும் தளங்களை மொத்தமாகப் பிளாக் செய்வது. 'ஐந்து எம்.பி.க்கு மேல் போகாது' என்று கான்ஃபிக்கில் ஒரு வரி எழுதுவது. அப்லோடைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும். ஆனால் அது பங்கீடாக இருக்க வேண்டும்; அதைச் செய்ய வேண்டிய இடமும் நாம் இவ்வளவு நாள் செய்துகொண்டிருக்கும் இடம் அல்ல. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு ஏன் படுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதல்வர் அறையில் விளக்க வேண்டி வரும்போது கைவசம் ஒரு கணக்கு இருந்தால் நல்லது. டி.சி.பி.யில் வந்து சேரும் பாக்கெட்டுகளுக்கு 'வந்தது' என்று பதில் போக வேண்டும். பொதுவாக இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு பதில். 50 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு கோப்பு இறங்குகிறது என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 4,000 பாக்கெட் வருகிறது, 2,000 பதில் போகிறது. ஒரு பதில் 40 பைட் என்று வைத்தாலே அதற்கு 0.64 எம்.பி.பி.எஸ். மேல்வழியில் தேவை. மேல்வழி காலியாக இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. குறும்படம் அடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் குட்டிப் பதில்கள் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. பதில் வரத் தாமதமாவதால் அந்தப் பக்கத்துச் சர்வர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டவுன்லோடு கிராஃப் கால்வாசியில் படுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். நாம் அதையே பார்த்து, லைன் சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வரிசையின் நீளம் இன்னொரு தொல்லை. மோடத்துக்குள் 256 கே.பி. இடையகம் இருக்கிறது, மேல்வழி 1 எம்.பி.பி.எஸ். என்றால், நிரம்பிய இடையகம் காலியாக இரண்டு விநாடி ஆகும். அதன் பிறகு வரும் எந்தப் பாக்கெட்டும், அது ஒரு வார்த்தை வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும், இரண்டு விநாடி காத்திருந்துதான் கிளம்பும். மென்பொருள் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புத் தொகுதி ஒன்றை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது வீட்டு இணையம் முழுவதும் தள்ளாடுவதைக் கவனித்து, தோண்டிப் பார்த்துக் கண்டது இதைத்தான். 'பஃபர்பிளோட்' என்ற பெயரும் அப்படித்தான் பரவியது. நெட்வொர்க் ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோலஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். பாக்கெட் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது என்பதை அது பார்க்கிறது. காத்திருப்பு நீண்டுகொண்டே போனால் ஒன்றிரண்டைக் கைவிட்டு, அனுப்புகிறவரைச் சுதாரிக்க வைக்கிறது. அதே ஆண்டு அதன் இன்னொரு வடிவமான எஃப்.க்யூ. கோடெல் லினக்ஸுக்குள் வந்தது. அதற்குப் பின் வந்த கர்னல் உள்ள எந்த லினக்ஸ் சர்வரிலும் அது உண்டு, காசு இல்லாமல். பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

நாம் மேல்வழியைக் கவனிக்காமல் போனதில் நம்மை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இந்தியாவில் அகண்ட அலைவரிசை என்றால் என்ன என்று அரசு சொன்ன விளக்கங்களை எடுத்துப் பாருங்கள். 2004-இல் குறைந்தபட்சம் 256 கே.பி.பி.எஸ்., 2013-இல் 512, 2023-இல் 2 எம்.பி.பி.எஸ். மூன்றும் டவுன்லோடு வேகத்தைப் பற்றியவை. அப்லோடுக்கென்று குறைந்தபட்சம் எதுவும் அந்த வரையறையில் இல்லை. ஏ.டி.எஸ்.எல். காலத்துத் தொழில்நுட்பமே அப்படி: ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் கீழே 24 எம்.பி.பி.எஸ். வரை வரும், மேலே ஒன்று ஒன்றரைதான். இணையம் என்றால் எடுத்துக்கொள்கிற இடம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. இன்று ஒரு கல்லூரியில் அசைன்மெண்ட், புராஜெக்ட், ஆய்வுத் தரவு, ஆன்லைன் வகுப்பில் தெரியும் முகம் எல்லாமே மேலே போகின்றன. கொரோனா காலத்தில் வீட்டில் தேர்வெழுதி, விடைத்தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய தலைமுறைக்கு அப்லோடு பட்டை நகராமல் நிற்பது எப்படி வயிற்றைக் கலக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

சரி, ப்ராக்ஸிக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஸ்க்விட். டுவேன் வெசல்ஸ் 1996-இல் தொடங்கிய மென்பொருள். நம் மாணவர்களைவிட வயதில் மூத்தது. அதில் வேகத்தைக் கட்டுப்படுத்த 'டிலே பூல்ஸ்' இருக்கிறது. நாமும் 'ஒரு ஐ.பி.க்கு இவ்வளவு' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போகிறோம். (அங்கே எழுதும் எண் பைட் கணக்கு, பிட் கணக்கு அல்ல. 64000 என்று எழுதினால் 512 கே.பி.பி.எஸ். ஆகிறது. இதைக் கவனிக்காமல் எழுதிய கான்ஃபிக்குகள் எத்தனையோ ஆய்வகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.) அந்த டிலே பூல்ஸ் முழுவதும் ஒரே திசைக்கானது: வெளியிலிருந்து வரும் பதில்களுக்கு. பின்னால் சேர்க்கப்பட்ட 'கிளையண்ட் டிலே பூல்ஸ்' பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதுவும் ஸ்க்விட்டிலிருந்து மாணவரின் கணினிக்குப் போகும் பக்கத்தைத்தான் அளக்கிறது. மாணவர் மேலே அனுப்பும் பைட்டுகளை இரண்டுமே தொடுவதில்லை. ஸ்க்விட்டின் வழக்கமான லாக் கோப்பில் எழுதப்படும் அளவும் கிளையண்ட்டுக்குத் திரும்பிப் போன பைட்டுகளின் அளவே. அந்த வரியும் இணைப்பு முடிந்த பிறகுதான் விழும். இரண்டு மணி நேரமாக ஒருவர் மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு மணி நேரமும் லாகில் அவர் பெயரே இருக்காது.

'ரிக்வெஸ்ட் பாடி மேக்ஸ் சைஸ்' என்று ஒரு வரி உண்டே என்பீர்கள். உண்டு. அது கோப்பின் அளவுக்குப் போடும் உச்சவரம்பு, வேகத்துக்கு அல்ல. எச்.டி.டி.பி.எஸ். வந்த பிறகு அதற்கும் கண் போய்விட்டது. மாணவரின் பிரவுசர் ஸ்க்விட்டிடம் 'இந்தத் தளத்துக்கு ஒரு குழாய் திறந்து விடு' என்று ஒரே ஒரு கனெக்ட் கோரிக்கை அனுப்புகிறது. அதற்குப் பிறகு உள்ளே நடப்பது போஸ்ட்டா, புட்டா, வெறும் படிப்பா என்று ஸ்க்விட்டுக்குத் தெரியாது. 2005-இல் போஸ்ட் மெத்தடைப் பிடித்து வைத்தால் அப்லோடு நின்றது. இன்று அந்த விதி அனேகமாகப் பழைய எச்.டி.டி.பி. தளங்களை மட்டும் தடுக்கும், அதாவது நம் கல்லூரியின் சொந்த நூலகத் தளத்தை.

குழாயை உடைத்துப் பார்க்கலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஸ்க்விட்டில் எஸ்.எஸ்.எல். பம்ப் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் கல்லூரியின் சான்றிதழை நிறுவிவிட்டால் உள்ளே போவது எல்லாம் தெரியும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பேராசிரியரின் வங்கிக் கடவுச்சொல்லும் மாணவியின் மின்னஞ்சலும் நம் சர்வரின் நினைவகத்தில் திறந்த நிலையில் ஓடுவது ஒரு பெரிய பொறுப்பு. குறும்படம் எத்தனை எம்.பி. என்று அளக்க அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வேகத்தைப் பங்கிட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே வேண்டாம். யார், எவ்வளவு, எந்தத் திசை என்ற மூன்றும் போதும். மூன்றையும் லினக்ஸ் கர்னல் வெளியிலிருந்தே பார்க்கிறது.

ஆகவே கட்டுப்பாட்டை ஸ்க்விட்டுக்கு வெளியே, கர்னலின் டி.சி. கருவியில் வையுங்கள். பலர் வழுக்குவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இயல்பாக எல்லோருக்கும் தோன்றுவது, வெளியே போகும் கார்டில் ஒரு வரம்பு போடுவது. லைனின் மேல்வழி 20 எம்.பி.பி.எஸ். என்றால் 18 என்று போடுகிறோம். வரிசை மோடத்தில் சேராமல் நம் பெட்டியில் சேர வேண்டும் என்பதற்காக அந்த இரண்டை விட்டுக்கொடுக்கிறோம். அது சரி, அவசியமும்கூட. ஆனால் அந்தக் கார்டில் எல்லாப் பாக்கெட்டும் ப்ராக்ஸியின் ஒரே ஐ.பி.யில்தான் கிளம்புகிறது. யார் அனுப்பியது என்ற தகவல் அங்கே அழிந்துவிட்டது. வரிசைமுறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் இணைப்புக்கு இணைப்புதான் அதனால் பங்கிட முடியும். ஒரே இணைப்பில் ஆய்வறிக்கையை ஏற்றும் மாணவிக்கு ஒரு பங்கு. இருபது இணைப்புகளைத் திறந்து சினிமாவை ஏற்றும் பக்கத்து இருக்கைக்காரருக்கு இருபது பங்கு. நாட் என்றால் கர்னலின் இணைப்புப் பட்டியலைப் பார்த்து உண்மையான ஐ.பி.யைக் கண்டுபிடிக்கலாம். ப்ராக்ஸி நாட் அல்ல. அது ஒரு இணைப்பை முடித்துக்கொண்டு புதிதாக இன்னொன்றைத் தொடங்குகிறது.

அதனால் ஆளுக்கு ஆள் பங்கீட்டை உள்பக்கக் கார்டில், மாணவர்களின் பாக்கெட் ப்ராக்ஸிக்குள் நுழையும் இடத்தில் செய்யுங்கள். அங்கே ஒவ்வொருவரின் ஐ.பி.யும் அப்படியே இருக்கிறது. உள்ளே வரும் பாக்கெட்டுகளை லினக்ஸ் நேரடியாக வரிசையில் நிறுத்தாது; அவற்றை ஐ.எஃப்.பி. என்ற பெயரில் இருக்கும் போலி இண்டர்ஃபேஸுக்குத் திருப்பிவிட்டு, அதன் மேல் 'கேக்' வரிசைமுறையை உட்கார வைக்க வேண்டும். 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது அது. அனுப்புநர் முகவரி வாரியாகப் பங்கிடச் சொன்னால், இருபது இணைப்பு திறந்தவரும் ஒரு இணைப்பு திறந்தவரும் அதற்கு ஒன்றுதான். மொத்த வேகத்தை மட்டும் மேல்வழியின் 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். டவுன்லோடுகளுக்கான அந்தக் குட்டிப் பதில்களை வெளியே அனுப்புவது ப்ராக்ஸியே, அதற்கும் இடம் வேண்டுமே. கல்லூரிக்குள்ளேயே இருக்கும் மூடுல் போன்ற சர்வர்கள் ப்ராக்ஸி வழியே போகாமல் நேராகப் போகும்படி பாக் கோப்பில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறையில் இருக்கும் சர்வருக்குப் போகும் கோப்பும் இந்த வரிசையில் நிற்கும்.

இப்படிப் பிடித்து நிறுத்தினால் ஸ்க்விட் குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். குழம்பாது. ஸ்க்விட் அப்லோடு கோப்பை முழுவதும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புவதில்லை; சின்ன இடையகம் ஒன்றில் வாங்கி வாங்கி அனுப்புகிறது. வெளியே மெதுவானால் உள்ளே வாங்குவதையும் மெதுவாக்கும், மாணவரின் பிரவுசர் தானாகவே தணியும். என்ஜின்எக்ஸை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அது இயல்பாக முழுக் கோப்பையும் வாங்கி முடித்த பிறகே பின்னால் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். அதனால் பட்டை நூறு சதவீதம் காட்டிவிட்டு அங்கேயே நிற்கும். அதன் 'லிமிட் ரேட்' என்ற வரியும் பதிலுக்கு மட்டுமானது. ஹெச்.ஏ.ப்ராக்ஸியில் 2022-இல் வந்த 2.7 பதிப்பிலிருந்து அப்லோடுக்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. மூடுலுக்கு முன்னால் அதை வைத்திருப்பவர்கள் எட்டிப் பாருங்கள்.

வேக வரம்பை ஒரே தட்டையான எண்ணாகப் போடாதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். ஆளுக்கு 1 எம்.பி.பி.எஸ். என்று தட்டையாக வைத்தால் 200 எம்.பி. கோப்புக்கு ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும்; அதுகூடப் பரவாயில்லை. 10 எம்.பி. விடைத்தாளுக்கும் 80 விநாடி ஆகும், அதுதான் தவறு. டோக்கன் வாளி முறையில் வாளியின் கொள்ளளவைப் பெரிதாக வைக்கலாம். ஒருவர் சும்மா இருக்கும்போது அவர் வாளி 20 எம்.பி. வரை நிரம்பி இருக்கட்டும். விடைத்தாள் அந்த வாளியிலிருந்து முழு வேகத்தில் போய்விடும். நான்கு ஜி.பி. வீடியோ முதல் 20 எம்.பி.யை வேகமாகக் குடித்துவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாகப் போகட்டும். எந்தக் கோப்பு முக்கியம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சின்னது விரைவாகவும் பெரியது பொறுமையாகவும் போகும்.

வரம்பை மிகவும் இறுக்கினால் வேறொரு வகையில் அடி விழும். பல அரசுத் தளங்களில் பாதியில் அறுந்த அப்லோடைத் தொடர வழி கிடையாது. 95 சதவீதத்தில் செஷன் முடிந்தால் முதலிலிருந்துதான். நாம் சேமித்ததாக நினைத்த பேண்ட்வித், இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று அப்படியே செலவாகிறது. நடுவில் ஒரு மனிதரின் இரவும் போகிறது. கெடு நாள் நெருங்கும் வாரத்தில் ஐ.க்யூ.ஏ.சி. அறைக்குப் பங்கைக் கூட்டிவிடுங்கள். அந்த அறைக்கு ஒரு தனி ஐ.பி. தொகுதி இருந்தால், ஸ்க்விட்டே அந்த இணைப்புகளுக்கு ஒரு 'மார்க்' போட்டு அனுப்பும்; வெளிப்பக்கக் கார்டில் அந்த மார்க்கைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கலாம். யாரும் கேட்டு வந்து உங்கள் அறை வாசலில் நிற்கும்படி விடாதீர்கள்.

ப்ராக்ஸியைச் சுற்றிப் போகும் வழிகளையும் பார்க்க வேண்டும். க்விக் நெறிமுறை யு.டி.பி. 443-இல் ஓடுகிறது. ஹாஸ்டல் போன்களுக்கு ஃபயர்வாலில் அந்த வழி திறந்திருந்தால், நாம் இங்கே கட்டிய வரிசை எதுவும் அவற்றைத் தொடாது. அதை மூடினால் அவை டி.சி.பி.க்குத் திரும்பிவிடும்; மூட முடியாவிட்டால் கேட்வேயிலும் இதே பங்கீட்டை வையுங்கள். மடிக்கணினிகள் யாரையும் கேட்காமல் அனுப்புவதையும் மறக்க வேண்டாம். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது ஹோம், ப்ரோ பதிப்புகளில், அப்டேட் கோப்புகளை இணையத்தில் இருக்கும் மற்றவர்களின் கணினிகளுக்கும் அனுப்பும் வசதி இயல்பாகவே திறந்து கிடந்தது. மாணவருக்கே தெரியாத அப்லோடுக்கு மாணவரைத் திட்டிப் பயனில்லை.

முதலில் அளந்து பாருங்கள். சாயங்காலம் ஆய்வகம் காலியான பிறகு ஒரு கணினியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்குங்கள். ப்ராக்ஸியிலிருந்து வெளியே ஒரு முகவரிக்குப் பிங் அடித்துக்கொண்டே இருங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்த பிங் அப்லோடு தொடங்கியதும் பல நூறாக ஏறினால் வரிசை மோடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வெளிப்பக்க வரம்பைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 30, 40-க்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வரம்பை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். உள்பக்கக் கார்டில் ஐ.பி. வாரியாக எண்ணிகள் வைத்தால் யார் எவ்வளவு மேலே அனுப்புகிறார்கள் என்று உடனுக்குடன் தெரியும். எந்தத் தளத்துக்கு என்று குறித்துவைக்க வேண்டாம்.

வைத்த விதியை ஒரு தாளில் எழுதி ஆய்வகக் கதவிலும் ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்: ஆளுக்கு எவ்வளவு, வாளி எவ்வளவு, இரவு பதினொன்றுக்கு மேல் தளர்வு உண்டா, கெடு நேரத்தில் யாரிடம் கேட்கலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் இணைய விதிகள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் ஒரு கோப்புக்குள் கிடக்கின்றன. தெரிந்த ஒரே ஆள் விடுப்பில் போனால் முடிந்தது.

புதுப் பெட்டி வாங்க வேண்டுமே, கொள்முதல் கோப்பு மூன்று மேசை தாண்ட வேண்டுமே என்று தயங்காதீர்கள். ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு, உங்களுக்குப் பழகிய ஏதாவது ஒரு லினக்ஸ் போதும். 20 எம்.பி.பி.எஸ். மேல்வழியைப் பங்கிட அந்தப் பெட்டிக்கு வியர்க்காது. இந்தச் செமஸ்டர் விடுமுறையில் ஒரு மாலை ஒதுக்கி அந்தப் பிங் சோதனையை மட்டுமாவது செய்துவிடுங்கள். முதல்வர் அறைக்கு எடுத்துப்போக முன்னும் பின்னுமான இரண்டு எண்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
உங்களைப் போலவே இரவில் போன் வாங்கும் ஒரு நெட்வொர்க் நிர்வாகி